60,000 பொறியாளர்களை எங்கே தேடப் போகிறீர்கள்?

மாண்புமிகு முதலீடு, வாணிப, தொழில்துறை அமைச்சர் அவர்களுக்கும், தேசிய செமிகண்டக்டர் வியூகத்தைக் கையில் எடுத்திருக்கும் அதிகாரிகளுக்கும் வணக்கம்.

பினாங்கின் பாயான் லெப்பாஸில் சிப் அசெம்பிளி, டெஸ்ட் வேலையில் தலை நரைத்தவன் நான். போலிடெக்னிக் டிப்ளோமாவோடு டெக்னீஷியனாக உள்ளே நுழைந்தேன். இப்போது புதிதாக வருகிறவர்களுக்கு வேலை பழக்கிக் கொடுக்கிறேன். நான் வேலை பார்த்த கம்பெனிகளின் பெயர் இந்த மடலில் வராது. சொல்லப்போவது ஏறக்குறைய எல்லாக் கம்பெனிக்கும் பொருந்தும் என்பதால், ஒன்றை மட்டும் தெருவில் இழுத்துப் போடுவது நியாயமில்லை.

2024 மே மாதம் பிரதமர் கோலாலம்பூரில் அறிவித்த வியூகத்தை ஆர்வமாகப் படித்தேன். 500 பில்லியன் ரிங்கிட் முதலீட்டை ஈர்ப்பது, அரசு தன் பங்குக்குக் குறைந்தது 25 பில்லியன் ரிங்கிட் ஒதுக்குவது, சிப் வடிவமைப்பிலும் உயர்நிலைப் பேக்கேஜிங்கிலும் (சிப்புகளை இணைத்து உறையிடும் வேலை) குறைந்தது 10 உள்ளூர் நிறுவனங்களை வளர்த்தெடுப்பது, 60,000 உயர்திறன் பொறியாளர்களை உருவாக்குவது. 2025 மார்ச்சில் சிப் வடிவமைக்கும் பிரிட்டன் நிறுவனமான ஆர்மோடு ஒப்பந்தமும் போட்டீர்கள்; பத்தாண்டுகளில் 250 மில்லியன் அமெரிக்க டாலர். அதிலும் 10,000 பொறியாளர்களுக்குப் பயிற்சி என்று இருக்கிறது.

இதிலெல்லாம் குறை சொல்ல நான் வரவில்லை. ஒரே ஒரு கேள்வி. அந்த 60,000 பேரை எங்கே தேடப் போகிறீர்கள்? பட்டமளிப்பு விழா மேடையில் மட்டும் தேடினால் ஆள் போதாது. கிடைக்கிறவர்களும் நிலைக்க மாட்டார்கள். உங்களுக்கு வேண்டியவர்களில் கணிசமானவர்கள் ஏற்கெனவே ஆலைக்குள் பன்னிரண்டு மணி நேர ஷிப்டில் நின்றுகொண்டிருக்கிறார்கள். சம்பளச் சீட்டில் டெக்னீஷியன் என்று போட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

கொஞ்சம் பழைய கதை சொல்ல வேண்டியிருக்கிறது. 1969-இல் ஜார்ஜ்டவுன் தீர்வையற்ற துறைமுகம் என்ற தகுதியை இழந்தது. தீவு முழுக்க வேலையில்லாத இளைஞர்கள். அந்த நேரத்தில் முதலமைச்சராக வந்த டாக்டர் லிம் சோங் யூ, பாயான் லெப்பாஸ் வயல்வெளியில் தடையற்ற வாணிப வட்டாரத்தைக் கொண்டுவந்தார். 1972-இல் இன்டெல் தன் முதல் வெளிநாட்டு ஆலையை இங்கே தொடங்கியது. ஏஎம்டி, ஹியூலெட் பேக்கார்ட், நேஷனல் செமிகண்டக்டர், ஹிட்டாச்சி, போஷ் என்று எட்டுக் கம்பெனிகள் சேர்ந்தன. அவற்றை ‘எட்டு சாமுராய்’ என்று இன்றைக்கும் மேடையில் பெருமை பேசுகிறோம். சாமுராய்களுக்காக உழைத்த பெண்களைப் பற்றி அந்த மேடைகளில் மூச்சு விடுவதில்லை. என் அத்தை அவர்களில் ஒருவர். பாலம் இல்லாத காலம். பட்டர்வொர்த் பக்கத்துத் தோட்டத்திலிருந்து விடியுமுன் ஃபெரி பிடித்து வந்து, நாள் முழுக்க மைக்ராஸ்கோப்பில் கண்ணைப் பதித்துத் தங்கக் கம்பி ஒட்டினார். பால்மரம் வெட்டிய குடும்பத்தில் முதல் மாதச் சம்பளக்காரி. நாற்பது வயதுக்குள் கண்ணாடி போட்டுவிட்டார்.

அவர்கள் சம்பளம் ஏன் ஏறவில்லை என்பதற்கும் பதில் உண்டு. 1988 வரை மின்னணுத் தொழிலாளர்களுக்குச் சங்கமே கூடாது என்றிருந்தது அரசு. அப்புறமும் அந்தந்தக் கம்பெனிக்குள் ஒரு சங்கம் என்ற அளவுக்குத்தான் இறங்கி வந்தது. வட்டார அளவில் சங்கம் அமைக்க அனுமதி கிடைப்பதற்குள் இன்னும் இருபது ஆண்டுகள் ஓடிவிட்டன. முதலீட்டாளர் முகம் சுளித்துவிடக் கூடாதே என்ற பயம். மலிவான கூலியால் அன்றைக்கு நாட்டுக்கு நன்மை கிடைத்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்தப் பழக்கம் இன்னும் விட்டபாடில்லை.

தைவானும் நம்மைப் போலத்தான் ஆரம்பித்தது. 1966-இல் காவ்சியுங்கில் ஏற்றுமதி வட்டாரம் வந்தது. அங்கேயும் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து அசெம்பிளி வேலை பார்த்தார்கள். 1976-இல் அந்த அரசு தன் தொழில்நுட்ப ஆராய்ச்சிக் கழகத்தின் இளம் பொறியாளர்களை அமெரிக்காவில் ஆர்சிஏ கம்பெனிக்கு அனுப்பிச் சிப் தயாரிப்பைக் கற்றுவரச் சொன்னது. ஊர் திரும்பியவர்களுக்குக் கைநிறைய வேலை காத்திருந்தது. மறு வருடமே சோதனை ஆலை; பிறகு சிப் தயாரிக்கும் கம்பெனிகள், 1980-இல் யுஎம்சி, 1987-இல் டிஎஸ்எம்சி. நாம் கூலிமில் சில்டெர்ரா சிப் ஆலைக்கு வித்திட்டது 1995-இல். அரசின் முதலீட்டு நிறுவனமான கசானா அதை வருடக்கணக்கில் சுமந்து, கடைசியில் 2021-இல் கைமாற்றிவிட்டது. ஆலை இன்றும் ஓடுகிறது. ஆனால் அதைப் பார்த்து இன்னும் நாலு ஆலை முளைக்கவில்லை. பணம் கொடுத்தால் கட்டடமும் எந்திரமும் வந்துவிடும். பத்து வருடம் ஒரே எந்திரத்தோடு மல்லுக்கட்டிய ஆளை எந்தக் கடையில் வாங்குவது?

அப்படிப்பட்ட ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். சுங்கைப்பட்டாணிக்காரர். ஐந்தாம் படிவத்து எஸ்.பி.எம். தேர்வு முடித்து, டிப்ளோமா வாங்கி, எங்கள் ஒயர் பாண்டிங் லைனில் டெக்னீஷியனாக இருந்தார். ஒயர் பாண்டிங் என்றால் சிப்பிலுள்ள சின்னஞ்சிறு தளத்திலிருந்து வெளிக்கால்களுக்குக் கம்பி இழுத்து ஒட்டும் வேலை. கம்பியின் பருமன் தலைமுடியில் மூன்றில் ஒரு பங்கு இருக்கும். முன்பு தங்கம், இப்போது செலவைக் குறைக்கப் பெரும்பாலும் செம்பு. செம்பு காற்றுப் பட்டால் துருவேறும், அதனால் ஒட்டும் இடத்தில் ஹைட்ரஜன் கலந்த நைட்ரஜன் வாயு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ஒட்டியது உறுதியா என்று பார்க்கக் கம்பிக்கடியில் கொக்கி போட்டு இழுப்போம். எத்தனை கிராம் இழுவையில் அறுகிறது, எந்த இடத்தில் அறுகிறது, இரண்டையும் எழுதி வைக்க வேண்டும்.

ஒரு ராத்திரி ஷிப்டில் ஒரு எந்திரம் மட்டும் இழுவைச் சோதனையில் தோற்றுக்கொண்டே இருந்தது. கம்பி அறுகவில்லை, கால் பக்கத்தில் அப்படியே பிய்த்துக்கொண்டு வந்தது. எந்திரம் விற்ற கம்பெனிக்காரர்கள் போனில் சொன்னபடி அல்ட்ராசோனிக் சக்தியைக் கூட்டினோம், அழுத்தத்தைக் கூட்டினோம், சூட்டைக் கூட்டினோம். சரிவரவில்லை. இவர் எதையும் தொடாமல் கெட்டுப்போன யூனிட்டுகளை டிரேயில் வரிசையாக அடுக்கினார். எல்லாம் லீட் ஃபிரேமின், அதாவது வெளிக்கால்கள் சேர்ந்திருக்கும் உலோகச் சட்டத்தின், ஒரே ஓரத்து வரிசையிலிருந்து வந்தவை. “அண்ணே, இது செட்டிங் கோளாறு இல்ல. கிளாம்ப் அந்த மூலையில தேஞ்சு போச்சு. கால் அழுந்தி உக்காரல, கம்பி ஒட்டுறப்போ துள்ளுது” என்றார். கிளாம்பைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தால் விளிம்பு மழுங்கியிருந்தது. மாற்றினோம். விடிவதற்குள் லைன் ஓடியது.

காலையில் போன அறிக்கையில் இன்ஜினியர் பெயர் இருந்தது. அந்த இன்ஜினியர் நல்ல மனிதர், அவர் மேல் தப்பில்லை. படிவத்தில் டெக்னீஷியன் பெயரை எழுத இடமே கிடையாது. இரண்டு முறை பதவி உயர்வுக்குப் பேச்சு எழுந்தது. இரண்டு முறையும் ‘டிகிரி இல்லையே’ என்று மனிதவளப் பிரிவில் திருப்பிவிட்டார்கள். பகுதி நேரமாகப் படிக்கலாம் என்றால், நாலு நாள் பகல், நாலு நாள் ராத்திரி என்று சுற்றும் ஷிப்டில் எந்த வகுப்புக்குப் போவது? இப்போது அவர் சிங்கப்பூரில், உட்லண்ட்ஸ் பக்கம் ஓர் ஆலையில் இருக்கிறார். அங்கே அவருக்கு அசோசியேட் இன்ஜினியர் பதவி. ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு நம் ரிங்கிட் மூன்றுக்கு மேல். போகாதே என்று நான் சொல்லவில்லை, எந்த முகத்தோடு சொல்வது?

ஒரு டெக்னீஷியன் போனால் நாட்டுக்கு என்ன வந்துவிட்டது என்று உங்கள் அதிகாரிகள் நினைக்கலாம். பத்து வருடத்துக்கு முன் நானும் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேன். இப்போது நிலைமை வேறு. சிப்புக்குள் இருக்கும் டிரான்சிஸ்டரை மேலும் மேலும் சிறிதாக்கும் செலவு எகிறிவிட்டது. ஒரே பெரிய சிப்பாகச் செய்யாமல், பல துண்டுகளாகச் செய்து ஒரே பேக்கேஜுக்குள் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறார்கள், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிறார்கள். செயற்கை நுண்ணறிவுச் சிப்புகளுக்கு 2023-இல் தட்டுப்பாடு வந்தபோது, முட்டுக்கட்டையாக நின்றது டிஎஸ்எம்சியின் பேக்கேஜிங் கொள்ளளவுதான். பேக்கேஜ் பெரிதானால் சூட்டில் வளைகிறது. ஒரு துண்டு கெட்டது என்று கடைசியில் தெரிந்தால் கூட இருக்கும் நல்ல துண்டுகளும் குப்பைக்குப் போகின்றன. உலக அசெம்பிளி, டெஸ்ட், பேக்கேஜிங் வேலையில் சுமார் 13 விழுக்காடு நம் கையில் என்று நீங்களே சொல்கிறீர்கள். இன்டெல் தன் உயர்நிலைப் பேக்கேஜிங்கைப் பினாங்குக்குக் கொண்டுவருவதாக 2021-இல் அறிவித்ததற்கும் இங்குள்ள இந்தக் கைப்பழக்கம் ஒரு காரணம் என்றுதான் நினைக்கிறேன்.

அந்த 13 விழுக்காட்டை மற்றவர்கள் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. வியட்நாமின் பாக் நின்னில் பேக்கேஜிங் கம்பெனியான ஆம்கோர் 2023-இல் ஆலை திறந்தது. இந்தியாவில் மைக்ரான் குஜராத்தின் சானந்திலும், டாட்டா அசாமிலும் அசெம்பிளி, டெஸ்ட் ஆலைகளுக்கு இறங்கியிருக்கிறார்கள். ஆலைச் செலவில் கணிசமான பகுதியை அரசே மானியமாகக் கொடுக்கிறது. அமெரிக்கா 2022-இல் 52 பில்லியன் டாலருக்கு மேல் சட்டமாகவே போட்டது. பணத்தை அள்ளி வீசும் போட்டியில் நாம் யாரையும் ஜெயிக்க முடியாது. நம்மிடம் மிச்சம் இருப்பது ஐம்பது வருடத்து ஆட்கள்.

ஆகவே என் வேண்டுகோளுக்கு வருகிறேன். 25 பில்லியனிலிருந்து ஒரு கம்பெனிக்குச் சலுகை கொடுக்கும்போது, எத்தனை பேருக்கு வேலை என்று கேட்கிறீர்கள். அதோடு, எத்தனை டெக்னீஷியன்கள் வேலை நேரத்திலேயே, சம்பளம் பிடிக்காமல், பொறியாளர் படிப்புக்கு அனுப்பப்படுவார்கள் என்றும் கேளுங்கள். சொன்ன எண்ணிக்கை வராவிட்டால் சலுகையைத் திரும்ப எடுங்கள். புதிதாக ஒரு அமைப்பும் தொடங்க வேண்டியதில்லை. அனுபவத்தை வைத்துப் படிப்பில் சேர்க்கும், அனுபவத்துக்கே தகுதிச் சான்றும் தரும் ஏபெல் முறையை மலேசியத் தகுதி முகமை ஏற்கெனவே நடத்துகிறது. மனிதவள மேம்பாட்டுக் கழகத்துக்கு முதலாளிகள் சம்பளத் தொகையில் ஒரு விழுக்காடு கட்டுகிறார்கள். அந்தப் பணத்தில் என்னை அனுப்பியதெல்லாம் ஓட்டல் மண்டபத்தில் நடக்கும் இரண்டு நாள் வகுப்புகளுக்கு. நாசி லெமாக் நன்றாக இருக்கும். பாயான் லெப்பாஸிலேயே 1989 முதல் பினாங்கு திறன் மேம்பாட்டு மையம் இருக்கிறது. ஷிப்டுக்கு ஏற்ற மாதிரி வகுப்பு நேரத்தை மாற்றினால் போதும், நாளைக்கே ஆட்கள் வந்து உட்காருவார்கள்.

நம் இனத்துப் பிள்ளைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. எஸ்.பி.எம்.மில் 10 ஏ எடுத்தால் எந்த இனமானாலும் பல்கலைக்கழகத்துக்கு முந்தைய மெட்ரிகுலேஷன் படிப்பில் இடம் என்று 2024-இல் பிரதமர் அறிவித்தார். பல வருட வயிற்றெரிச்சல் கொஞ்சம் ஆறியது. ஆனால் பிறை, புக்கிட் மெர்தாஜாம், கூலிம் பக்கத்துத் தமிழ்ப்பள்ளிகளிலிருந்து வந்து எங்கள் லைனில் நிற்கும் பையன்களும் பெண்களும் பெரும்பாலும் 10 ஏ எடுக்காதவர்கள். ஐந்து ஏ, ஆறு ஏ, வீட்டு நிலைமை, டிப்ளோமா, நேராக ஆலை. தேய்ந்த கிளாம்பைக் கண்டுபிடித்தவரும் அந்த ரகம்தான். அவர்களுக்குப் பதினெட்டு வயதில் மூடிய கதவு முப்பது வயதில் திறக்க ஒரு வழி வேண்டும். இது தமிழ்ப் பிள்ளைகளுக்கு மட்டும் என்று கேட்கவில்லை. பக்கத்து எந்திரத்தில் நிற்கும் மலாய்க்காரப் பெண்ணுக்கும் சீனப் பையனுக்கும் இதே கதைதான்.

கடைசியாக, கணக்கு. எத்தனை பேருக்குப் பயிற்சி கொடுத்தோம் என்று ஆண்டுதோறும் அறிவிப்பீர்கள், அது எனக்குத் தெரியும். அந்த அட்டவணையில் இன்னும் மூன்று நெடுவரிசை சேருங்கள்: பயிற்சி முடித்து மூன்று வருடம் கழித்து அவர்களில் எத்தனை பேர் மலேசியாவிலேயே இந்தத் துறையில் இருக்கிறார்கள், இப்போது என்ன சம்பளம், எத்தனை பேர் டெக்னீஷியனாக இருந்து மேலே வந்தவர்கள். சேமநிதி வாரியத்தின் பதிவுகளை வைத்தே முதல் இரண்டையும் எடுத்துவிடலாம், யாரையும் போன் போட்டுக் கேட்க வேண்டியதில்லை. முதல் அட்டவணையை அடுத்த பட்ஜெட்டுக்கு முன் அமைச்சின் இணையப் பக்கத்தில் போடுங்கள். எனக்குத் தனியாகப் பதில் எழுத வேண்டாம்.

இப்படிக்கு,
பாயான் லெப்பாஸ் டெஸ்ட் தளத்திலிருந்து ஒரு மூத்த டெக்னீஷியன்