அக்காவின் காலும் என் இருமலும்

ஸ்காபரோ, கனடா,
தை மாதக் கடைசி.

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று எழுதத்தான் பேனையை எடுத்தேன். ஆனால் நீங்கள் நலமில்லை என்று எனக்குத் தெரியும். போன ஞாயிறு வீடியோவில் "எனக்கென்ன பிள்ளை, கல்லுப்போல இருக்கிறன்" என்று சொல்லிவிட்டு முருங்கைக்காய் விலையைக் கதைக்கத் தொடங்கினீர்கள். கமரா உங்கள் கழுத்துக்குக் கீழே இறங்கவேயில்லை. அடுத்த நாள் உங்கள் மகள், என் பெறாமகள்தான் சொன்னாள். இரண்டு காலும் வீங்கி, மிஞ்சி விரலுக்குள் புதைந்துபோய், சவர்க்காரம் பூசித்தான் கழற்றினீர்களாம். பிரஷர்க் குளிசையை நீங்களாகவே நிறுத்தி மூன்று கிழமையாம். அவளை ஏசாதீர்கள். நான்தான் நோண்டி நோண்டிக் கேட்டேன்.

போனில் சொன்னால் ஓம் ஓம் என்று கேட்டுவிட்டு விட்டுவிடுவீர்கள். அதுதான் கடிதம். பக்கத்து வீட்டுப் பெடியன் கலியாணத்துக்குக் கொக்குவிலுக்கு வருகிறான், அவனிடம் கொடுத்துவிடுகிறேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஆறுதலாக இரண்டு தரம் வாசியுங்கள்.

முதலில் என் கதை. நானும் உங்களிடம் மறைத்துத்தான் இருந்தேன்.

புரட்டாதியில் இங்கே குடும்ப டொக்டர் பிரஷர் பார்த்தார். 168. எனக்கு ஒரு தலையிடிகூட இல்லை. ராமிப்பிரில் என்று ஒரு குளிசை எழுதித் தந்தார். இங்கே டொக்டரைப் பார்க்கக் காசில்லை, ஆனால் மருந்துக்குக் காசு. 65 வயதானால்தான் ஒன்ராறியோ அரசாங்கம் பார்க்கும், எனக்கு இன்னும் ஏழு வருஷம் கிடக்கிறது. இவருடைய வேலை இன்சூரன்சில் வாங்கிக்கொண்டேன். பாமசியில் குளிசைப் போத்தலோடு நாலு பக்கம் அச்சடித்த தாளும் தந்தார்கள். இங்கிலீசு, சின்ன எழுத்து. வீட்டுக்கு வந்து, பொலித்தீன் பைகள் திணிக்கிற லாச்சிக்குள் அதையும் திணித்துவிட்டேன்.

மூன்று கிழமைக்குப் பிறகு இருமல் தொடங்கியது. சளி இல்லை, காய்ச்சல் இல்லை. தொண்டைக் குழிக்குள் கோழி இறகை விட்டு யாரோ தடவுவது போல ஒரு அரிப்பு, அதற்குப் பிறகு நிறுத்த ஏலாத இருமல். படுத்தால் கூடும். இரண்டு தலையணையை முதுகுக்கு வைத்து, சோபாவில் இருந்தபடி நித்திரை கொண்டேன். ஐப்பசி முடியச் சினோவும் கொட்டத் தொடங்கியதா, குளிர்தான் என்று நினைத்தோம். கொத்தமல்லி வேர்க்கொம்பு அவித்துக் குடித்தேன். தமிழ்க் கடையில் தூதுவளைப் பொடி வாங்கி ரசம் வைத்தேன். பேரன் மூக்கைப் பொத்திக்கொண்டு மேல்மாடிக்கு ஓடிவிட்டான்.

பஸ்ஸில் நான் ஒருக்கா இருமினால் பக்கத்துச் சீற்றில் இருப்பவர் எழும்பிப் போவார். கொரோனாவுக்குப் பிறகு இந்த ஊரில் இருமுகிறவள் களவெடுத்தவள் மாதிரி. வேலைத்தலத்தில், பாண் பொதி செய்கிற இடமல்லவா, மேற்பார்வைக்காரி இரண்டு தரம் வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். டெஸ்ட் எடுத்தால் ஒன்றும் இல்லை. சம்பளம் போனதுதான் மிச்சம். இன்னொன்று, இதை உங்களுக்கு மட்டும் எழுதுகிறேன், பெறாமகளிடம் வாசிக்கக் கொடுக்காதீர்கள். நம்முடைய வயதில், மூன்று பிள்ளை பெற்ற உடம்பில், ஒவ்வொரு இருமலுக்கும் இரண்டு சொட்டுச் சலமும் சேர்ந்து போகும். கறுப்பு பாண்டும் பையில் மாற்றுடுப்புமாகத்தான் வேலைக்குப் போனேன். கோயிலுக்குப் போகிறதை விட்டுவிட்டேன். முழங்கால் நோகிறது என்று சொன்னேன்.

குடும்ப டொக்டரிடம் போக வெட்கம். அங்கே சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கும், ஒரு தரம் வந்தால் ஒரு பிரச்சினைதான் கதைக்கலாம் என்று. ஆகவே பதிவில்லாமல் போகக்கூடிய ஒரு கிளினிக்குக்குப் போனேன். அவர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்து அன்டிபயோற்றிக் தந்தார். அது வயிற்றைக் கலக்கியது. திரும்பப் போக, வாயில் அடிக்கிற மருந்து தந்தார்கள், ஆஸ்துமாக்காரர் வைத்திருக்கிறார்களே, அதுதான். அதை அடித்தால் கை நடுங்கியது. ஒரு குளிசை தந்த வருத்தத்துக்கு இரண்டாவது மருந்து, இரண்டாவது தந்த வருத்தத்தோடு மூன்றாவது. எனக்கு அப்போது இது விளங்கவில்லை, விளங்கியிருக்க வேண்டியவர்களுக்கும் விளங்கவில்லை.

மார்கழியில் இருமல் பாணி வாங்கப் பாமசிக்குப் போனேன். மருந்து கொடுக்கிற பிள்ளை, குஜராத்திப் பிள்ளை, என் மகள் வயதுதான் இருக்கும். பாணியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள், புதிதாக ஏதும் குளிசை தொடங்கினீர்களா என்று. நான் இல்லை என்றேன்! பொய் சொல்லவில்லை அக்கா. பிரஷர்க் குளிசை பிரஷருக்கு, இருமல் தொண்டைக்கு. இரண்டையும் சேர்த்து நினைக்க எனக்கு வரவேயில்லை. அவள் கொம்பியூட்டரைப் பார்த்தாள். "ராமிப்பிரில், செப்டம்பர் 24. இருமல் எப்ப தொடங்கினது?" என்றாள். நான் விரலை மடித்து எண்ணத் தொடங்கினேன்.

வீட்டுக்கு வந்து லாச்சியைக் கவிழ்த்து அந்தத் தாளை எடுத்துப் பேரனிடம் வாசிக்கக் கொடுத்தேன். பக்க விளைவுகள் என்ற தலைப்புக்குக் கீழே முதல் வரிகளிலேயே இருந்தது, விடாத வறட்டு இருமல்.

பாமசிப் பிள்ளை சொன்னதை எனக்கு விளங்கினபடி எழுதுகிறேன். பெயர் 'பிரில்' என்று முடிகிற குளிசைகள் எல்லாம் ஒரே குடும்பம். உடம்பில் உள்ள ஒரு நொதியத்தை அவை கட்டிப்போடும். இரத்தக் குழாயை இறுக்குகிற பொருளை உண்டாக்குவது அந்த நொதியம்தான். கட்டிப்போட்டால் குழாய் தளரும், பிரஷர் இறங்கும். ஆனால் அதே நொதியத்துக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது, பிரடிகினின் என்ற பொருளை உடைத்துத் துப்புரவாக்குவது. கூட்டுகிறவனைக் கட்டிப்போட்டால் குப்பை சேரத்தானே செய்யும்? அது மூச்சுக் குழாயில் தங்கி இருமலைக் கிளப்புகிறதாம். ஏறத்தாழப் பத்துப் பேரில் ஒருவருக்கு வரும், பெண்களுக்குத்தான் கூட. சிலருக்குக் குளிசை தொடங்கி மாதக்கணக்கான பிறகும் வரும். சும்மா இருமலென்றால் ஆபத்தில்லை. ஆனால் உதடோ நாக்கோ வீங்கினால் ஒரு நிமிஷமும் இருக்கக்கூடாது, ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும். நல்லவேளை, எனக்கு அது வரவில்லை.

மகன் இன்னொரு புதினம் சொன்னான். இந்தக் குடும்பத்தின் முதல் குளிசை கப்டோப்பிரில், அமெரிக்காவில் 1981 இல் வந்ததாம். அதற்கு வழிகாட்டினது பிரேசில் காட்டு விரியன் ஒன்றின் விஷம். அது கடித்தவர்களுக்குப் பிரஷர் தடாலென்று விழுந்ததைப் பார்த்துத்தான் ஆராயத் தொடங்கினார்களாம். நயினாதீவு நாகபூசணி அம்மனுக்கு அம்மா வைத்த நேர்த்தியெல்லாம் இதற்குத்தானோ என்று இவர் பகிடி விட்டார்.

அந்தப் பாமசிப் பிள்ளையே குடும்ப டொக்டருக்குப் போன் எடுத்தாள். இரண்டு நாளில் கண்டெசார்ட்டன் என்று வேறு குளிசை மாற்றித் தந்தார். அது நொதியத்தைத் தொடாமல் வேறு இடத்தில் மறிக்கிறதாம். பழைய குளிசையை விட்ட உடனே இருமல் நிற்கவில்லை. ஒன்று முதல் நாலு கிழமை செல்லும், சிலருக்கு மூன்று மாதமும் ஆகும் என்றாள். எனக்குப் பதினேழாம் நாள் இரவு கட்டிலில் நிமிர்ந்து படுத்தேன். விடிய எழும்பின பிறகுதான் தெரிந்தது, இரவு இருமவேயில்லை. பொங்கலும் இருமாமல் பொங்கினேன்.

நான் உப்பைக் குறைக்கிறேன் பேர்வழி என்று கடையில் சோடியமில்லாத உப்பு ஒரு டப்பா வாங்கி வைத்திருந்தேன். அது பொட்டாசிய உப்பாம், இந்தக் குளிசையோடு சேர்ந்தால் இரத்தத்தில் பொட்டாசியம் ஏறிவிடும் என்று அவள் தடுத்துவிட்டாள். இரண்டு கிழமையில் இரத்தமும் சோதித்தார்கள். அங்கே இதே வகைக் குளிசையான லோசார்ட்டன் குடிக்கிறவர்கள் நாளுக்கு நாலு இளநீர் குடிக்கிறதென்றாலும், அதிலும் பொட்டாசியம் இருக்கிறதால், டொக்டரிடம் ஒருக்கா கேட்கிறது நல்லது.

பிறகு ஒரு படிவத்தை எடுத்தாள். உங்களுக்கு நடந்ததை ஹெல்த் கனடாவுக்கு அறிவிப்போம் என்றாள். எனக்கு நெஞ்சு திக்கென்றது. ஆமிக்குப் பதிவு கொடுத்த காலத்திலிருந்து படிவம் என்றாலே எனக்கு வயிற்றைப் பிசையும். டொக்டருக்குப் பிரச்சினை வருமோ, எங்களுக்கு வருமோ? ஒருவருக்கும் இல்லையாம். இப்படி ஆயிரம் பேர் சொன்னால்தான் மருந்தின் குணம் முழுதாகத் தெரியுமாம். தாலிடொமைட் என்று ஒரு மருந்து, கர்ப்பிணிகளின் வாந்திக்குக் கொடுத்தது, கை கால் வளராத பிள்ளைகள் பிறந்தன. ஜெர்மனியிலும் இங்கிலாந்திலும் 1961 கடைசியிலேயே நிறுத்திவிட்டார்கள், கனடாவில் 1962 மார்ச் வரைக்கும் நிறுத்தவில்லையாம். சரி என்று என் இருமலையும் எழுதிக் கொடுத்தேன்.

இனி உங்கள் கால்.

பெறாமகள் குளிசை அட்டையைப் படம் எடுத்து அனுப்பினாள். அம்லோடிபின், 10 மில்லிகிராம். ஆவணி வரைக்கும் 5 தானாம், கிளினிக்கில் கூட்டினார்களாம். கால் வீங்கத் தொடங்கியது கார்த்திகையில். இப்போது நீங்களும் விரலை மடித்து எண்ணிப் பாருங்கள்.

இந்தக் குளிசைக்குக் கணுக்கால் வீக்கம் தெரிந்த விஷயம். அளவு கூடினால் வீக்கமும் கூடும், இதுவும் பெண்களுக்குத்தான் கூட. அது இரத்தம் கொண்டுவருகிற சின்னக் குழாய்களைத் தளர்த்துகிற அளவுக்கு, திருப்பிக் கொண்டுபோகிற குழாய்களைத் தளர்த்துவதில்லை. வாய்க்காலைத் திறந்துவிட்டு வடிகாலை அப்படியே விட்டது மாதிரி, தண்ணீர் சதைக்குள் கசிந்து நிற்கிறது. பின்னேரம் கூடி விடியக் குறைகிறதா என்று பாருங்கள்.

"கிட்னி போட்டுது, எனக்குச் சொல்லாமல் மறைக்கிறியள்" என்று பெறாமகளிடம் அழுதீர்களாம். வவுனியா, அநுராதபுரம் பக்கத்துக் கிட்னிக் கதைகளைக் கேட்டால் யாருக்கும் அந்தப் பயம் வரும். ஆனால் பயத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருக்காமல் சோதியுங்கள். இரத்தத்தில் கிரியேட்டினின், சலத்தில் புரதம். இரண்டும் பார்த்தால் தெரிந்துவிடும். இருதயத்தாலும் கால் வீங்கும், அதையும் டொக்டர்தான் பார்த்துச் சொல்லவேண்டும், நானில்லை. ஒரு கால் மட்டும் வீங்கி நொந்தாலோ, படுக்க மூச்சு முட்டினாலோ கிளினிக் நாளைப் பார்த்துக்கொண்டு இருக்கவேண்டாம், 1990 என்ற போன் இலக்கத்துக்கு அடியுங்கள், அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். முழங்காலுக்குச் சீட்டில்லாமல் வாங்கிக் குடிக்கிறீர்களே, டைக்குளோபெனக், அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். அதுவும் பிரஷரை ஏற்றும், உடம்பில் தண்ணீரை நிறுத்தும்.

குளிசையை மட்டும் நீங்களாக நிறுத்தவேண்டாம். அம்மாவை நினைத்துப் பாருங்கள். 1990 ஆம் ஆண்டுக்குப் பிறகு யுத்தத்தில் யாழ்ப்பாணத்துக்கு மருந்து வரத் தடை, கொழும்பிலிருந்து யாரும் ஒளித்துக் கொண்டுவந்தால்தான். பிரஷர்க் குளிசையைப் பாக்குவெட்டியால் பாதியாக வெட்டுவா. பிறகு கால். வெட்டும்போது உதிர்கிற மாவையும் விரலால் தொட்டு நாக்கில் வைப்பா. 95 ஒக்டோபர் இடப்பெயர்வில் நாவற்குழிப் பாலத்தால் மழைக்குள் நடந்தபோது அந்தப் பவுடர் டின்னுக்குள் ஏழு துண்டு இருந்தது, நான்தான் எண்ணினேன். சாவகச்சேரிப் பள்ளிக்கூட மண்டபத்தில் ஒரு விடியற்காலை அம்மாவின் வாய் ஒரு பக்கம் இழுத்தது உங்களுக்குத்தான் முதலில் தெரிந்தது.

அதனால்தானோ என்னவோ, மருந்து கிடைத்ததே பெரிய காரியம், அதில் போய்க் குறை சொல்லலாமா என்று எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு எண்ணம். பெரியாஸ்பத்திரியில் நூறு பேருக்குப் பின்னால் நின்று, டொக்டர் "எப்பிடி இருக்கிறீங்கள்?" என்று கேட்டால் "நல்லாயிருக்கிறன்" என்று சொல்லிவிட்டுக் கொப்பியை வாங்கிக்கொண்டு வருகிறோம். இந்த முறை அப்படிச் சொல்லாதீர்கள். கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் மூன்று வரி எழுதிக்கொண்டு போங்கள்: எப்போது 10 ஆக்கினது, எப்போது வீங்கினது, எப்போது நிறுத்தினது. செருப்பைக் கழற்றிக் காலைக் காட்டுங்கள். அளவைக் குறைப்பார்கள், அல்லது வேறொன்று சேர்ப்பார்கள், மாற்றுவார்கள். அடுத்த கிளினிக் வரைக்கும் பார்த்திருக்காமல் இந்தக் கிழமையே போங்கள். மூன்று கிழமை குளிசையில்லாமல் பிரஷர் எவ்வளவு இருக்கிறதோ.

இன்னுமொன்று. உங்களோடு போனில் கதைக்கும்போதெல்லாம் பின்னால் அத்தான் இருமுகிற சத்தம் கேட்கும். இரண்டு வருஷமாகச் சுருட்டைத்தான் குற்றம் சொல்லி அவரைத் திண்ணைக்குத் துரத்திக்கொண்டு இருக்கிறோம். சுருட்டாகவும் இருக்கலாம், அதற்கு நெஞ்சுப் படம் எடுக்கச் சொல்லுங்கள். ஆனால் அவர் பிரஷருக்கு என்ன குடிக்கிறார் என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை. அவருடைய குளிசை அட்டையைத் திருப்பி, பெயர் எப்படி முடிகிறது என்று ஒருக்கா பாருங்கள்.

பொதிக்குள் செருப்பு ஒரு சோடி இருக்கிறது. உங்கள் அளவைவிட ஒன்று பெரிதாகத்தான் வாங்கினேன். வீக்கம் வற்றிக் கழன்று விழுந்தால் பெறாமகளுக்குக் கொடுங்கள்.

உங்கள் அன்புத் தங்கச்சி