பழைய போட்டைக் காந்தம் ஒட்டாது

ஆசிரியர் அவர்களுக்கு,

காந்தத்தால் சூடாக்கினால் வெடிப்பு தானாக ஒட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் பற்றி உங்கள் பத்திரிகையில் வந்ததிலிருந்து, திருக்கடலூரில் எங்கள் பட்டறைக்கு வருகிற எல்லோரும் கேட்பது ஒன்றைத்தான்: "அண்ணை, காந்தம் வைத்தால் போட் வெடிப்பு மூடுமாமே?"

மூடாது. இங்கே ஓடும் பைபர் போட்டுகள் பொலியெஸ்டர் ரெசினில் செய்தவை, அது ஒருதரம் இறுகினால் இறுகினதுதான், சூடாக்கினால் உருகாது, கருகும். நீங்கள் எழுதிய பொருளில், செய்யும்போதே உருகக்கூடிய ஒரு பிளாஸ்டிக்கையும் மெக்னடைட் என்ற இரும்பு ஒட்சைட்டின் நுண்ணிய தூளையும் கலந்துவிடுகிறார்கள். வெடிப்புக்கு மேலே செப்புக் கம்பிச் சுருளைப் பிடித்து, செக்கனுக்கு இலட்சக்கணக்கான தடவை திசை மாறும் மின்சாரத்தை அதில் விட்டால் தூள் சூடேறும், பக்கத்திலிருக்கும் பிளாஸ்டிக் உருகி வெடிப்புக்குள் ஓடும், ஆறினதும் பிடித்துக்கொள்ளும். எங்கள் பக்கத்துப் புல்மோட்டைக் கடற்கரையின் கறுப்பு மணலைக் கலந்தால் போதாதா என்று ஒரு தம்பி கேட்டார். அதில் பெரும்பங்கு இல்மனைட் என்ற கனிமம், அதற்குக் காந்தத்தன்மை குறைவு, இப்படிச் சூடேறாது.

ஆனாலும் இந்த விஷயத்தை விட்டுவிட எனக்கு மனமில்லை. போட்டின் அடியில் மயிரிழை போல ஒரு வெள்ளைக் கோடுதான் தெரியும், கிரைண்டரால் அரைத்துப் பார்த்தால் உள்ளே படை படையாகப் பிரிந்து உப்புத்தண்ணீர் ஊறிப்போயிருக்கும். வெளியிலிருந்து சூடு காட்டினால் மேல்பூச்சு கருகுமே தவிர உள்ளே போய்ச் சேராது. காந்தப்புலமோ கண்ணாடி நாரையும் ரெசினையும் ஊடுருவிப் போகும், அதனால் சூடு உள்ளுக்குள்ளேயே பிறக்கும். வாடைக் காலத்து ஈரத்தில் ரெசின் இறுகாமல் எத்தனை ஒட்டு உரிந்து வந்திருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

2001இல் அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகத்தில் தானாக ஒட்டும் பிளாஸ்டிக்குக்குச் செய்து காட்டிய முறை வேறு. ஒட்டுகிற மருந்து நிரப்பிய நுண்குமிழ்கள் வெடிப்பில் உடைந்து அதை ஒட்டும், ஆனால் குமிழ் உடைந்த இடம் திரும்ப வெடித்தால் அங்கே மருந்து மிச்சமிருக்காது. உருகும் பிளாஸ்டிக்கை மறுபடியும் உருக்கலாம். சரி, அதற்கும் வெடிப்பின் இரண்டு முகமும் ஒன்றையொன்று தொடவேண்டும், கல்லில் மோதிப் பெயர்ந்துபோன துண்டை எந்தக் காந்தமும் கொண்டுவராது.

எனக்குத் தெரியவேண்டியது, உப்புத்தண்ணீர் ஊறின வெடிப்பில் இது பிடிக்குமா என்பதுதான். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் விஞ்ஞானம் படிக்கும் பிள்ளைகள் யாராவது இதைச் செய்து பார்க்கவேண்டும். புதிதாக வார்க்கும் தகட்டை எங்கள் போட் மாதிரியே நார் வைத்துச் செய்து, கடல்தண்ணீரில் ஊறவிட்டு, வெடிக்கவைத்துப் பாருங்கள். நாரும் அச்சும் நான் தருகிறேன், வார்க்கும்போது கூட நிற்கவும் தயார்.

பைபர் போட் திருத்துபவர்,
திருக்கடலூர், திருகோணமலை