எந்தப் பெட்டியில் போடுவது?

அஸ்தம்பட்டி, சேலம்
ஆடி 23

அன்புள்ள மாப்ளே,

இங்கே எல்லோரும் நலம். தங்கச்சியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல். தை மாதம் நீ போட்ட கடிதத்துக்கு ஆடியில் பதில் எழுதுகிறேன். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன், கடையை இடம் மாற்றியது என்று காரணம் சொல்ல நிறைய இருக்கிறது. இருந்தாலும் தப்பு என் மேல்தான். இப்போது எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் வேறு. ஒரு சண்டை நடந்துவிட்டது. நீ கூட இருந்திருந்தால் அது இந்த அளவுக்குப் போயிருக்காது.

நமக்குக் கேசட் பதிவு செய்து கொடுத்த டேப் அண்ணன் கடையைக் காலி செய்துவிட்டார். செவ்வாய்ப்பேட்டையில் அந்தக் கட்டடத்தையே இடிக்கப் போகிறார்களாம். "வண்டி எடுத்துக்கிட்டு வா, உங்க சரக்கு அப்படியே இருக்கு" என்று போன் செய்தார். போனேன். பக்திப் பாட்டும் படப் பாட்டும் அவர் மகள் வீட்டுக்குப் போய்விட்டன. மிச்சம் இருந்தது முழுக்க, அவர் நீளப் பாட்டு என்று பெயர் ஒட்டியிருந்த நம்முடைய அலமாரி, பெரும்பாலும் மேல்நாட்டு ராக் இசை. மொத்தம் 111 கேசட். ஒவ்வொன்றின் முதுகிலும் அவர் கையெழுத்தில் நீ.பா. 1, நீ.பா. 2 என்று வரிசையாக எண். நீ.பா. 14-இல் உன் கையெழுத்தும் இருக்கிறது, நீ அழித்த இடமும் இருக்கிறது. எதை அழித்தாய் என்று வீட்டில் சொல்லிவிடட்டுமா?

ஆடிப் பதினெட்டு ஞாயிற்றுக்கிழமை. ஊரே மேட்டூருக்குப் போக, நாங்கள் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு ஏற்காடு ஏறினோம். எங்களில் வாத்தியார் வீட்டில்தான் இன்னும் ஓடுகிற கேசட் டெக் இருக்கிறது. நான், குட்டையன், வாத்தியார், அப்புறம் அக்கா மகன். பெங்களூரில் வேலை பார்த்துக்கொண்டு டிரம்ஸ் வாசிக்கிறானே, அவன்தான். லீவில் வந்திருந்தான். அவனாகவே "நானும் வரேன் மாமா" என்றான். மேலே ஒரே பனிமூட்டம். சில்வர் ஓக் மரமும் மிளகுக்கொடியும் பத்தடிக்கு மேல் தெரியவில்லை. வாசலில் தார்ப்பாய் போட்டு, இரண்டு பெட்டி வைத்து, வாத்தியார் திட்டம் சொன்னார்: ப்ராக், அதாவது புரோகிரஸிவ் ராக், முற்போக்கு ராக் எல்லாம் இந்தப் பெட்டி, ப்ராக் இல்லாதது அந்தப் பெட்டி.

அங்கே ஆரம்பித்தது வினை.

முதலில் கிங் கிரிம்சன் குழுவின் முதல் ஆல்பம் வந்தது. 1969. அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அதில் வருகிற மெல்லோட்ரான் என்கிற கீபோர்டில் ஒவ்வொரு கட்டைக்குக் கீழும் ஒரு நாடாத் துண்டு இருக்கும், எட்டு நொடி ஓடி முடிந்துவிடும் என்று நீ ஒருநாள் விளக்கியபோது டேப் அண்ணன் "அப்ப அதுவும் நம்ம தொழில்தானா!" என்று எழுந்து நின்றது ஞாபகம் இருக்கிறதா? அதைப் பேசிச் சிரித்தோம். யெஸ் குழுவின் 'குளோஸ் டு தி எட்ஜ்' வந்தது. வாத்தியார் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறை. மூன்றே பாட்டு, முதல் பாட்டு பதினெட்டு நிமிடத்துக்கு மேல், ஒரு பக்கம் முழுக்க. பதிவு முடிந்த கையோடு டிரம்மர் புரூஃபோர்ட் கிளம்பி கிரிம்சனுக்குப் போனதை, ஏதோ சொந்தத் தம்பி வீட்டை விட்டுப் போன மாதிரி இன்றைக்கும் வருத்தப்படுகிறார்.

அடுத்தது பிங்க் ஃப்ளாய்டு குழுவின் 'டார்க் சைட்'. வாத்தியார் அதைக் கையில் வாங்கி, ஒரு வார்த்தை சொல்லாமல், ப்ராக் இல்லாததற்கான பெட்டியில் போட்டார்.

எனக்கு வயிற்றைப் புரட்டியது மாப்ளே. அந்தக் கேசட்டை நாம் எத்தனை இரவு கேட்டிருப்போம்! "அது ப்ளூஸ்டா. மெதுவா வாசிச்சா ப்ராக் ஆயிடுமா?" என்றார். அவர் கணக்குப்படி, இங்கிலாந்தில் 1969-க்கும் 1976-க்கும் நடுவில், கீபோர்டுக்கும் கிட்டாருக்கும் சரிசமமாக இடம் கொடுத்து, பல்லவி சரணம் என்று திரும்பி வராமல் போனது மட்டும்தான் ப்ராக். நான் ஃப்ளாய்டின் 'எக்கோஸ்' பாட்டு 23 நிமிடம் என்றேன். 'டார்க் சைட்'டில் வருகிற 'மனி' ஏழு எண்ணிக்கைத் தாளம் என்றேன். பழைய பஸ் ஸ்டாண்டு டீக்கடை பெஞ்சில் நீ அதற்குத் தகிட தகதிமி போட்டுக் காட்டினாயே! சாக்ஸபோன் வரை ஏழிலேயே போய், கிட்டார் நுழைகிற இடத்தில் சட்டென்று நாலுக்கு மாறும்போது நீ தொடையில் தட்டிக் கூவியதில் கடைக்காரர் டம்ளரைக் கீழே விட்டார். அதையும் சொன்னேன். "நீளமும் தாளக்கணக்கும் இருந்தா போதுமா? அப்ப ராகம் தானம் பல்லவி பாடுறவங்க எல்லாம் ப்ராக்கா?" என்று கேட்டு என் வாயை அடைத்துவிட்டார். இதையே நீயும் ஒரு தடவை கேட்டிருக்கிறாய். ஒரே வரியை வைத்துக்கொண்டு மூன்று காலத்தில் போகிறவருக்கு நீளம் ஒரு குணமே இல்லை, அந்த வரிக்குள் என்ன செய்கிறார் என்பதுதான் குணம் என்று சொன்னாய்.

குட்டையன் சமாதானம் செய்கிறேன் என்று ஜெத்ரோ டல் குழுவின் கேசட்டை எடுத்து வைத்தான். அது இன்னும் மோசமாகப் போனது. முந்தைய ஆல்பத்தை விமர்சகர்கள் கான்செப்ட் ஆல்பம், அதாவது ஒரே கருத்தைச் சுற்றிய பாட்டுத் தொடர் என்று சொல்லிவிட்டார்களே என்று, அந்த மாதிரி ஆல்பங்களைக் கிண்டல் செய்யத்தான் அந்தக் குழுவின் தலைவர் இயன் ஆண்டர்சன் 1972-இல் 'திக் ஆஸ் எ பிரிக்'கைச் செய்தார். இரண்டு பக்கமும் சேர்த்து ஒரே பாட்டு. இன்றைக்கு அந்த வகைக்கு உதாரணம் கேட்டால் முதல் ஐந்துக்குள் அதைச் சொல்கிறோம். செய்தவர் கிண்டலாகச் செய்தது, கேட்கிறவருக்கு மெய்யாகவே ஆகிவிட்டது. அப்படியானால் எந்தப் பெட்டி என்று முடிவு செய்வது யார், செய்தவரா கேட்டவரா? அந்தக் கேள்வி எனக்கு இன்னும் தீரவில்லை.

அதுவரை பேசாமல் இருந்த பையன் அப்போதுதான் வாயைத் திறந்தான். "மாமா, அந்தப் பேருக்கு அர்த்தமே முன்னால போறதுதானே? 1972 மாதிரியே இன்னிக்கும் வாசிக்கிறவங்க எப்படி ப்ராக்? 1981-ல கிரிம்சன் திரும்பி வந்தப்ப பழைய சத்தம் எதையுமே வச்சுக்கலையே. அதுதானே முன்னால போறது?" என்றான். அவன் டிரீம் தியேட்டர், டூல், போர்குபைன் ட்ரீ என்று பின்னால் வந்த குழுக்களைக் கேட்டு வளர்ந்தவன். ரேடியோஹெட்டின் 1997 ஆல்பத்தை நம் பெட்டியில் போட வேண்டும் என்றான்.

அவன் கேட்டது நியாயமான கேள்வி. முற்போக்கு என்றால் நம் ஊரில் கட்சி மேடை, இலக்கியக் கூட்டம் என்று ஒரு எடை இருக்கிறது. அந்தச் சொல்லைச் சுமந்துகொண்டு வருகிற இசை, ஐம்பது வருடத்துக்கு முந்தைய சத்தத்தைக் காவல் காத்துக்கொண்டு உட்காரலாமா? அந்த நேரத்தில் இப்படியெல்லாம் நான் யோசிக்கவில்லை. ஃப்ளாய்டை இழந்த கோபத்தில் இருந்தேன். "நீ பொறக்கறதுக்கு முன்னாடியே முடிஞ்சுபோன கதை. உனக்கு என்ன தெரியும்?" என்று கேட்டுவிட்டேன்.

வாத்தியாரிடம் தோற்றதை இவன் மேல் காட்டினேன் மாப்ளே. அவன் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கேசட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தான். நாலரை மணிக்கு "கிளம்புறேன்" என்று பைக்கை எடுத்தான். மழை. இருபது கொண்டை ஊசி வளைவு. ஏழு மணிக்கு அக்கா போன் செய்து வந்துவிட்டான் என்று சொல்கிற வரைக்கும் நான் அந்த வாசலிலேயே நின்றேன். வாத்தியாரும் உள்ளே போகவில்லை.

இரண்டு நாளாக இதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். பெயரில் என்ன இருக்கிறது, இசையைக் கேட்டால் போதாதா என்று குட்டையன் சொல்கிறான். எனக்கு அதை ஒத்துக்கொள்ள மனம் வரவில்லை. டேப் அண்ணன் அந்த அலமாரிக்கு நீளப் பாட்டு என்று பெயர் ஒட்டாமல் இருந்திருந்தால் நமக்கு ஃப்ளாய்டுக்குப் பக்கத்தில் யெஸ் கிடைத்திருக்காது. யெஸ்ஸின் பக்கத்தில் ஜெனிசிஸ் கிடைத்திருக்காது. 90 நிமிட டி.டி.கே. கேசட்டில் ஒரு பக்கத்துக்கு ஒரு ஆல்பம் என்று அவர் சேர்த்துக் கொடுத்த ஜோடிகள்தான் நமக்குப் பாடம். ஒன்று பிடித்தவனுக்கு மறுபக்கமும் பிடிக்கும் என்று அவர் ஒரு கணக்கு வைத்திருந்தார். அந்தக் கணக்குக்கு ஒரு பெயர் தேவைப்பட்டது. சேலத்தில் அந்த வயதில் நமக்கு வழி காட்ட வேறு யார் இருந்தார்கள்? ஆனால் அதே பெயரை வைத்து ஒரு பையனை வாசலோடு அனுப்பியதும் நான்தான். இரண்டும் உண்மை.

இளையராஜாவின் 1986 ஆல்பமும் பெட்டியில் இருந்தது. 'ஹவ் டு நேம் இட்'. தியாகராஜருக்கும் ஜெர்மனியின் செபாஸ்டியன் பாக்குக்கும் காணிக்கை என்று அவர் செய்தது. இதற்கு என்ன பெயர் வைப்பது என்பதையே தலைப்பாக வைத்துவிட்டார். வாத்தியார் அதை இரண்டு பெட்டியிலும் போடவில்லை, வீட்டுக்குள் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இப்போது சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். செவ்வாய்க்கிழமை இரவு பெட்டிகளைப் பிரித்தபோது எண்ணிக்கை 112 வந்தது. மறுபடி எண்ணினேன். கடைசியில் இருந்த கேசட் உறைக்குள் கேசட் இல்லை, ஒரு பென்டிரைவ். முதுகில் பையனின் கையெழுத்து: நீ.பா. 112.

அவன் குழுவின் பாட்டு. பதினோரு நிமிடம். அன்றைக்கு எங்களுக்குப் போட்டுக்காட்டத்தான் கொண்டுவந்திருக்கிறான். நாங்கள் கேட்கவே இல்லை. காலை பத்திலிருந்து நாலரை வரை அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எது உள்ளே எது வெளியே என்று பேசிக்கொண்டிருந்தோம்.

போட்டுக் கேட்டேன். முதலில் பேஸ் கிட்டார் மட்டும், ரொம்பத் தாழ்வாக. இரண்டாவது நிமிடத்தில் ஒரு கிழவியின் குரல், மாரியம்மன் கும்மிப் பாட்டு. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது, அது எங்கள் அம்மா. ஆபரேஷன் முடிந்து கண்ணில் கட்டோடு படுத்திருந்தபோது அவன் துணைக்கு இருந்தானே, அப்போது போனில் பதிவு செய்திருக்கிறான். அம்மா தாளத்துக்குப் பாடவில்லை. மூச்சு இருக்கிற வரை வரியை இழுக்கிறாள், தீர்ந்த இடத்தில் விட்டுவிடுகிறாள். இவர்கள் அவளைத் தாளத்துக்குள் அடைக்கவில்லை. அவள் மூச்சையே தாளமாக எடுத்துக்கொண்டார்கள். ஒரு வரி ஏழு, அடுத்தது ஒன்பது, அடுத்தது ஆறு என்று டிரம்ஸ் அவள் பின்னாலேயே நடக்கிறது. ஒரு இடத்திலும் முந்தவில்லை. ஆறாவது நிமிடத்தில் அம்மா நிறுத்திவிடுகிறாள். அப்புறம் அதே கணக்கை எல்லா வாத்தியமும் சேர்ந்து முழுச் சத்தத்தில் எடுக்கின்றன. நான் விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். மூன்று முறையும் தப்பிப் போனது.

அவனுக்கு மெசேஜ் அனுப்பினேன். மன்னித்துக்கொள் என்றும் எழுதினேன். பார்த்துவிட்டான், பதில் இல்லை. அடுத்த லீவுக்கு வருவான் என்று அக்கா சொல்கிறாள். நீயும் வா. நீ மிருதங்கம் படித்தவன். அந்த ஆறாவது நிமிடக் கணக்கை அவனோடு உட்கார்ந்து நீ பேசினால் அவன் பேசுவான். ஒன்பது என்கிறேன் நான், நாலும் ஐந்தும் என்கிறான் குட்டையன்.

வாத்தியார் இன்னும் கேட்கவில்லை. அவர் டெக்கில் பென்டிரைவ் போட இடம் இல்லை. அதனால் டேப் அண்ணனிடம் கொடுத்துக் கேசட்டில் ஏற்றச் சொல்லியிருக்கிறேன். உறை பிரிக்காத 90 ஒன்று பத்திரமாக வைத்திருந்தாராம். பாட்டு பதினோரு நிமிடம்தானே, அந்தப் பக்கத்தின் மிச்சத்தில் எதைச் சேர்ப்பது என்று உன்னைக் கேட்கச் சொன்னார். சீக்கிரம் எழுது.

உன்
மச்சான்