கல்லாப் பக்கத்து நோட்டும் பத்து சதவீதமும்

அன்புள்ள வாசகர்களுக்கு,

கும்பகோணத்தில் நீங்கள் வந்துபோகும் புத்தகக் கடையிலிருந்து வணக்கம்.

கல்லாவுக்குப் பக்கத்தில் சணலில் கட்டித் தொங்கவிட்டிருந்த நோட்டைப் பார்த்திருப்பீர்கள். ‘இந்தக் கடையைத் தவிர வேறு எங்கே புத்தகம் வாங்குகிறீர்கள், ஏன்?’ என்று முதல் பக்கத்தில் கேட்டிருந்தோம். நோட்டு நிரம்பிவிட்டது. எழுதியவர்களில் பலர் பதிலோடு நிற்காமல் எங்களையும் ஒரு கேள்வி கேட்டிருக்கிறார்கள்: புத்தகக் காட்சியில் பத்து சதவீதக் கழிவு தருகிறார்களே, நீங்கள் ஏன் தருவதில்லை? ஒரு பெரியவர் இதையே வெவ்வேறு மையில் பல பக்கங்களில் எழுதிவைத்திருக்கிறார். ஆளாளுக்கு நின்றபடி பதில் சொல்வதைவிட ஒரேயடியாக எழுதிவிடலாம் என்றுதான் இந்த மடல்.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். 100 ரூபாய் விலை போட்ட தமிழ்ப் புத்தகம் எங்களுக்குப் பொதுவாக 65, 70 ரூபாய்க்கு வருகிறது. மீதி 30, 35 ரூபாய்க்குள் கடை வாடகை, மின்கட்டணம், உதவிக்கு இருக்கும் தம்பியின் சம்பளம், சென்னையிலிருந்து வரும் பார்சல் கூலி, விற்காமல் மூலையில் பழுத்துப்போகும் பிரதிகள் எல்லாம் அடங்கவேண்டும். அதில் பத்து ரூபாயைக் கொடுத்தால் எங்கள் பங்கில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று போய்விடுகிறது. புத்தகக் காட்சியில் அரங்கு போட்டிருப்பவர் பெரும்பாலும் பதிப்பாளர். எங்களைப் போன்ற கடைக்காரருக்குக் கொடுக்கவேண்டிய அந்த 30 ரூபாயும் அவர் கையிலேயே இருக்கிறது. அதிலிருந்து பத்தை உங்களுக்குத் தருகிறார். அரங்க வாடகை, ஆட்களுக்குத் தங்குமிடம், சாப்பாடு என்று பார்த்தால் அவருக்கும் அது கொழுத்த லாபம் இல்லை. ஆனாலும் கொடுக்க முடிகிறது.

இந்த வம்பே வேண்டாம் என்று சட்டம் போட்ட நாடும் உண்டு. பிரான்ஸில் 1981-இல் வந்த சட்டப்படி, புதிய புத்தகத்துக்கு அட்டை விலையில் 5 சதவீதத்துக்கு மேல் யாரும் கழிவு தரக்கூடாது. பெரிய அங்காடியானாலும் தெருமுனைக் கடையானாலும் ஒரே விலை. நம் நாட்டில் அப்படி ஒன்றும் இல்லை. வரும் என்று எனக்குத் தோன்றவும் இல்லை.

‘புத்தகத்துக்கு ஜிஎஸ்டி கிடையாதே, பிறகு ஏன் விலை ஏறுகிறது?’ என்று ஓர் ஆசிரியை எழுதியிருக்கிறார். அச்சிட்ட புத்தகத்துக்கு வரி இல்லை என்பது உண்மைதான். தாளுக்கு உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் அச்சுத்தாளின் வரி 12 சதவீதத்திலிருந்து 18 ஆகிவிட்டது. மற்றத் தொழில்களில் மூலப்பொருளுக்குக் கட்டிய வரியை, விற்கும்போது கட்டும் வரியில் கழித்துக்கொள்ளலாம். புத்தகத்துக்கு விற்பனை வரியே இல்லாததால், கழித்துக்கொள்ள இடமும் இல்லை. ஆக, தாளின் வரி அட்டை விலையில்தான் வந்து உட்காரும்.

இதிலும் உங்களுக்கு ஒரு நன்மை இருக்கிறது. பழைய பிரதிகளின் மேல் புது விலை ஸ்டிக்கர் ஒட்டும் வழக்கம் எங்களிடம் இல்லை. புதிய பதிப்பில் 220 ரூபாய் போட்டிருக்கும் நாவல், பின்வரிசையில் 90 ரூபாய்ப் பிரதியாக நிற்கக்கூடும். ஓரம் மஞ்சளாகியிருக்கும், அட்டையில் லேசாகப் புழுதி இருக்கும்; அச்சிட்ட விலைதான் விலை. இது தெரிந்தவர்கள் சிலர் செருப்பைக் கழற்றியதும் நேராகப் பின்வரிசைக்குப் போகிறார்கள். அவர்கள் யாரும் நோட்டில் ஒரு வரிகூட எழுதவில்லை. காரணம் புரிகிறது.

சரி, எங்கெங்கே வாங்குகிறீர்கள் என்பதற்கு வருகிறேன்.

புத்தகக் காட்சியைச் சொன்னவர்கள்தான் அதிகம். 1977-இல் தென்னிந்தியப் புத்தக விற்பனையாளர், பதிப்பாளர் சங்கமான பபாசி தொடங்கிய சென்னைக் காட்சி, இப்போது நந்தனம் ஒய்எம்சிஏ திடலில் பொங்கலை ஒட்டி நடக்கிறது. நெய்வேலி, ஈரோடு காட்சிகளும் பல ஆண்டுகளாக நடந்துவருகின்றன. 2022-க்குப் பிறகு அரசே மாவட்டந்தோறும் நடத்துவதால் சென்னைக்குப் போக முடியாதவர்களுக்கும் வழி பிறந்திருக்கிறது. இவை வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் கார்த்திகை பிறந்தால் எங்கள் கடையில் ஒரே வாக்கியம்தான் காதில் விழும்: ‘ஜனவரியில் பார்த்துக்கொள்ளலாம்.’ வாசகர் மட்டுமில்லை, பதிப்பாளரும் புதிய தலைப்புகளை ஜனவரிக்கென்று பொத்திவைக்கிறார். அந்த வாரங்களில் கடையைத் தாங்கிப்பிடிப்பவை டைரியும் காலண்டரும் போட்டித் தேர்வு வழிகாட்டிகளும். சொல்வதில் வெட்கம் ஒன்றுமில்லை. ஜூன் மாதம் விற்கும் பள்ளி நோட்ஸ்தான் எங்கள் கவிதை அலமாரிக்கு ஆண்டு முழுவதும் வாடகை கட்டுகிறது.

காட்சிக்குப் போகும்போது ஒன்று செய்யுங்கள். பெரிய அரங்குகளில் இருப்பவை எப்படியும் எங்களிடம் வந்துசேரும். கோடி வரிசையில், பாதி அரங்கை வாடகைக்கு எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் சிறு பதிப்பாளரின் புத்தகங்களை அங்கேயே வாங்கிவிடுங்கள். அவருக்கு ஊர் ஊராக அனுப்ப ஆள் இல்லை. திரும்பி வந்ததும் பெயரை எங்களிடம் சொல்லுங்கள். எங்கள் அலமாரியில் இருக்கும் சில நல்ல பதிப்பகங்கள் வாசகர் காட்டிக்கொடுத்து வந்தவை.

அடுத்து கைப்பேசி. அலமாரியில் ஒரு புத்தகத்தை எடுத்து, புரட்டி, பின்னட்டையைப் படம் பிடித்துக்கொண்டு, அங்கேயே நின்று இணையத்தில் விலை பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். எங்களுக்கு வருத்தமில்லை, வேட்டி வாங்கினாலும் நாலு கடை ஏறி இறங்குகிறோம். ஆங்கிலத்தில் அதிகம் விற்கும் நூல்களுக்கு அங்கே கிடைக்கும் தள்ளுபடியோடு எங்களால் போட்டி போட முடியாது, போடவும் இல்லை. அவற்றை அங்கேயே வாங்குங்கள். ஒரு எச்சரிக்கை மட்டும். அட்டை விலையில் பாதிக்கும் கீழே வந்தால் புத்தகத்தைத் திறந்து பாருங்கள். தாள் மெலிந்து பின்பக்க எழுத்து முன்னால் தெரிகிறதா, எழுத்து கறுப்பாக இல்லாமல் சாம்பல் பூத்து நிற்கிறதா, வரிகள் முதுகுப் பக்கம் சாய்ந்து ஒட்டுக்குள் போய் மறைகின்றனவா? அப்படியானால் அது திருட்டு அச்சு. எழுதியவருக்கு அதில் காலணா போகாது. தமிழ்ப் புத்தகங்களுக்கோ இணையத்திலும் பெரிய தள்ளுபடி எப்போதும் இருப்பதில்லை. அனுப்புகூலியைச் சேர்த்துப் பார்த்துவிட்டு மறுபடியும் எங்கள் படி ஏறியவர்களும் உண்டு.

நூலகத்தைச் சொன்னவர்கள் குறைவு. எனக்கு அதுதான் ஆச்சரியம். உங்கள் வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். நூலக வரி என்று ஓர் இனம் இருக்கும். சொத்து வரியில் பத்து சதவீதம். 1948-இல் சென்னை மாகாணத்தில் வந்த பொது நூலகச் சட்டம் போட்ட வழி அது. சுதந்திர இந்தியாவில் அப்படி வந்த முதல் சட்டமும் அதுவே. அதன் பின்னால் நின்றவர் நமக்கு அக்கம்பக்கத்து ஊரான சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். நூலகத்துக்கு அவர் 1931-இல் வகுத்த ஐந்து விதிகளில் ஒன்று, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. கடை நடத்துகிறவனுக்கும் அதைவிட நல்ல அறிவுரை கிடையாது. ஆக, பத்து சதவீதம் பற்றிக் கேட்ட பெரியவருக்கு: நூலகத்துக்கு நீங்கள் ஏற்கெனவே பத்து சதவீதம் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள், எடுத்துப் படியுங்கள். ஒரு முறை படித்தால் போதும் என்று தோன்றுகிற புத்தகத்தைக் காசு கொடுத்து வாங்கவேண்டியதில்லை. கடைக்காரன் சொல்லும் பேச்சா இது என்றால், ஆம். நூலகத்தில் படித்துவிட்டு, வீட்டிலும் ஒன்று இருக்கட்டும் என்று வாங்க வருகிறவர்தான் எங்கள் உறுதியான வாடிக்கையாளர்.

பழைய புத்தகம் தேடுவோர் எழுதியவைதான் படிக்கச் சுவையாக இருந்தன. சென்னை மூர் மார்க்கெட் 1985-இல் எரிந்ததை இன்னும் சொந்த வீடு எரிந்ததுபோல் எழுதுகிறார் ஒருவர். திருவல்லிக்கேணி பாரதி சாலையின் ஞாயிற்றுக்கிழமை நடைபாதைக் கடைகளுக்காகவே சென்னை உறவினர் வீட்டுக் கல்யாணங்களுக்குப் போவதாக இன்னொருவர். நம் ஊர்ப் பழைய பேப்பர் கடையில், தராசில் ஏறப்போன மூட்டையிலிருந்து ஒரு பைண்டு தொகுதியை மீட்ட அம்மாவையும் சொல்லவேண்டும். வார இதழ்களில் வந்த தொடர்கதையைப் பக்கம் பக்கமாகக் கிழித்து, சேர்த்து, காலிகோ துணி போட்டுத் தைத்த தொகுதி. முதல் பக்கத்தில் யாரோ ஒரு பெண்ணின் அழகான கையெழுத்து, இடையில் படங்கள், அத்தியாயத்துக்கு நடுவே அந்தக் காலத்துச் சோப்பு விளம்பரம். பின்னால் நூலாக அச்சான பதிப்புகளில் அந்தப் படங்கள் பெரும்பாலும் இருப்பதில்லை. இப்படிப்பட்டவை எங்களிடம் கிடைக்காது. யாராவது விற்க வந்தால், கேட்டுவைத்திருப்பவர்களுக்குச் சொல்லி அனுப்புகிறோம்.

பிடிஎஃப். பலர் தயங்கித் தயங்கி எழுதியிருக்கிறீர்கள். இதில் இரண்டு வகை உண்டு, பிரித்துப் பார்க்கவேண்டும். நம் நாட்டில் பதிப்புரிமை, எழுத்தாளர் மறைந்து 60 ஆண்டுகள் வரை. அந்தக் காலம் கடந்தவை, அரசு நாட்டுடைமையாக்கியவை எல்லாம் பொதுச்சொத்து. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்திலும், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் அவற்றைத் தாராளமாகப் படியுங்கள். ஈழத்து நூல்களுக்கும் இதழ்களுக்கும் ‘நூலகம்’ மின்னூலகத்தை விட்டால் எங்களுக்கும் வேறு போக்கிடம் இல்லை. சங்கப் பாடல் ஒன்றைத் தேட நானே இந்த மின்னூலகங்களுக்குத்தான் போகிறேன். ஆனால் உயிரோடு இருக்கும் எழுத்தாளரின் போன மாதம் வந்த நாவலை வாட்ஸ்அப் குழுவில் தள்ளிவிடுவது வேறு. இன்று தமிழில் ஒரு புதிய நாவல் முதலில் 300, 500 பிரதிகள்தான் அச்சாகிறது. குழுவில் இருப்பவர்களின் எண்ணிக்கை அதைவிட அதிகம். இரண்டாம் அச்சு ஏன் வரவில்லை என்று அதே குழுவில் கேட்பவர்களையும் பார்த்திருக்கிறேன்.

வெளியூரில் இருந்துகொண்டு எங்களிடம் அஞ்சலில் வாங்குவோருக்கு ஒரு விளக்கம். பதிவுப் புத்தக அஞ்சல் 2024 டிசம்பரில் நின்றுவிட்டது. கனமான நூல்களைக் குறைந்த செலவில் அனுப்ப நாங்கள் நம்பியிருந்த வழி அதுதான். பதிவு அஞ்சலும் 2025 செப்டம்பரில் விரைவு அஞ்சலோடு இணைந்துவிட்டது. இடையில் 2025 மே மாதம் ‘ஞான் போஸ்ட்’ என்ற சேவை தொடங்கியது. 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோ வரை 100 ரூபாய் என்ற அளவில் கட்டணம். பாடநூல்கள், சமூக, பண்பாட்டு, சமய நூல்களுக்கு உரியது. பதிப்பாளர் அல்லது அச்சகத்தின் பெயர் நூலில் இருக்கவேண்டும், பருவ இதழ்களுக்கும் விளம்பரம் தாங்கியவற்றுக்கும் கிடையாது. தரைவழியாகத்தான் போகும் என்பதால் நாள் கூடும். உங்கள் புத்தகம் இந்த வகையில் அடங்கினால் இதிலும், அவசரமென்றால் விரைவு அஞ்சலிலும் அனுப்புகிறோம். அஞ்சலகச் சீட்டில் உள்ள தொகைக்கு மேல் ஒரு ரூபாயும் வாங்குவதில்லை. சீட்டின் படம் உங்களுக்கு வந்துவிடும்.

இனி கழிவுக்கு எங்கள் ஏற்பாடு. ஆண்டு முழுவதும் பத்து சதவீதம் எங்களால் இயலாது. நம் மாவட்டப் புத்தகக் காட்சி நடக்கும் நாட்களில் அதே கழிவு கடையிலும் உண்டு. கூட்டத்தில் நடக்க முடியாதவர்கள் இங்கேயே வந்து வாங்கிக்கொள்ளலாம். பள்ளி நூலகங்களுக்கும் வாசகர் வட்டங்களுக்கும் எப்போதும் உண்டு. மூன்றாவது, பதிப்பகங்களின் முன்வெளியீட்டுத் திட்டங்கள். புத்தகம் அச்சாகும் முன்பே பணம் கட்டினால் குறைந்த விலைக்குத் தருகிறார்கள், அதை அப்படியே உங்களுக்கு மாற்றிவிடுகிறோம். இது புதுப் பழக்கமும் அல்ல. இதே ஊர்க் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்தபோதுதான் உ.வே.சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். புத்தகம் வரும் முன்பே, பணம் தருவதாக அன்பர்களிடம் கையொப்பம் வாங்கித்தான் அச்சுச் செலவைச் சமாளித்தார்.

கடையில் இல்லாத எதையும் சீட்டில் எழுதிக் கொடுங்கள். செவ்வாய்க்கிழமை பட்டியல் சென்னைக்குப் போகிறது, பெரும்பாலும் சனிக்கிழமை பார்சல் வந்துவிடும். கூலி எங்கள் பொறுப்பு. பதிப்பகம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. ‘ஆற்றங்கரை மாதிரி அட்டைப் படம், எழுதியவர் தஞ்சாவூர்ப் பக்கம்’ என்ற அளவில் சொன்னாலும் முயன்று பார்க்கிறோம்.

ஜனவரியில் வழக்கம்போல் சென்னைக் காட்சிக்கு நாங்களும் போகிறோம். நீங்கள் போக முடியாதென்றால் மார்கழி பிறப்பதற்குள் பட்டியலும் பாதிப் பணமும் கொடுத்துவிடுங்கள். அங்கே கிடைக்கும் பத்து சதவீதக் கழிவு முழுவதும் உங்களுக்கே. பேரகராதி, பல தொகுதி வரலாறு மாதிரியான உருப்படிகளை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், லாரியில் போட்டுவிடலாம். மற்றதையெல்லாம் ரயிலில் தூக்கிவருவது நான்தான்.

அன்புடன்,
உங்கள் புத்தகக் கடைக்காரன்
கும்பகோணம்