பென்சில் எண் இருக்கும் ஓரம்

திருப்பூர்,
ஞாயிறு மாலை

அன்பு மாப்பிள்ளை குமரேசனுக்கு,

நேற்று உன் கடிதம் வந்தது. அம்மாயிக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் எங்கள் எல்லோருக்கும் நிம்மதி. அடுத்த பக்கம் திருப்பினால், பெங்களூரில் வாங்கிய அந்தச் சுவரோவியப் பிரிண்டை லேமினேஷன் செய்யப் போகிறேன் என்று எழுதியிருக்கிறாய். வேண்டாம் மாப்பிள்ளை. அதைச் சொல்லத்தான் இன்றைக்கே உட்கார்ந்து எழுதுகிறேன்.

இப்படிக் கடையில் கொடுத்து நான் பட்டது போதும். முதன்முதலாக வாங்கிய பிரிண்டை இங்கே ஒரு ஃபிரேம் கடையில் கொடுத்தேன். சட்டத்துக்குள் அடங்கவில்லை என்று சுற்றியிருந்த வெள்ளை ஓரத்தை அவர் பாட்டுக்கு வெட்டிவிட்டார். நூறு பிரதிகளில் இது 37-ஆம் எண் என்று காட்டும் 37/100 என்ற பென்சில் எண்ணும் ஓவியரின் கையெழுத்தும் அந்த ஓரத்தில்தான் இருந்தன. குப்பைக்கூடையைக் கவிழ்த்துத் தேடினேன், கிடைக்கவில்லை. படத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் நூறில் ஒன்று என்று நான் சொன்னால் இனி யார் நம்புவார்கள்?

விலை ஏறுமா என்று கேட்டிருந்தாய். நம் பனியன் பிரிண்டிங் பட்டறையையே நினைத்துப் பார். பனியனில் நாலு கலர் என்றால் நாலு ஸ்கிரீன், அதாவது கலர் இறங்கும் வலைச்சட்டம். ஆர்டர் முடிந்ததும் ஸ்கிரீனைக் கழுவி, மறுபடி கோட்டிங் போட்டு அடுத்த டிசைனுக்கு எடுத்துக்கொள்கிறோம். இந்தப் பிரிண்டுகளும் பெரும்பாலும் அதே ஸ்கிரீன் வேலைதான். நூறு போட்டாயிற்று, நூற்றியொன்றாவது கிடையாது என்று ஓவியர் கொடுக்கிற வாக்குக்குத்தான் விலை. கேட்டவர்க்கெல்லாம் போட்டுக் கொடுத்தால் அது வெறும் போஸ்டர். அப்புறம், எண் சின்னதாக இருந்தால் முதலில் அச்சானது என்று நினைக்காதே. காயவைத்து அடுக்கி, கையெழுத்துப் போடுவதற்குள் வரிசை கலைந்திருக்கும்.

பேங்க்ஸி என்ற பிரிட்டிஷ் சுவரோவியரின் பலூன் சிறுமி பிரிண்டு 2004-ல் வந்தது. கையெழுத்தோடு 150, கையெழுத்து இல்லாமல் 600. படம் ஒன்றேதான், ஆனால் ஏலத்தில் கையெழுத்துள்ளதற்குத்தான் விலை அதிகம். அவருடைய பிரிண்டுகளுக்கு அசல் என்று சான்றிதழ் தருவது பெஸ்ட் கன்ட்ரோல் என்ற அவருடைய அலுவலகம். இளவரசி டயானா முகம் போட்ட பத்து பவுண்டு பொய் நோட்டைக் கிழித்து, ஒரு பாதியைச் சான்றிதழில் சேர்த்துக் கொடுப்பார்கள். மறுபாதி அவர்களிடம் இருக்கும். சந்தேகம் வந்தால் இரண்டு கிழிசலையும் ஒட்டிப் பார்க்கலாம். என்ன அழகான யோசனை!

உன் பிரிண்டுக்கு வா. ரசீது, அது சுருட்டி வந்த குழாய், கடைக்காரர் அனுப்பிய மெயில், எதையும் தூக்கிப் போடாதே. அமிலமில்லாத அட்டையில் மவுண்ட் செய்யச் சொல், பின்னால் பசை தடவ விடாதே. ஓரம் முழுக்கத் தெரியட்டும், கண்ணாடி காகிதத்தைத் தொடக் கூடாது. உங்கள் பொள்ளாச்சி மழைக்காலத்து ஈரத்தில் காகிதத்தில் பழுப்புப் புள்ளி விழும், அதனால் வெளிச்சுவரில் மாட்டாதே. வெயில் விழுகிற இடமும் ஆகாது, கலர் வெளுத்துவிடும். சுவரில் வரைந்தது ஒருநாள் வெள்ளையடித்தால் போச்சு. நம் கையில் தங்குவது இந்தக் காகிதம்தான்.

தீபாவளி நோம்பிக்கு வரும்போது அதையும் எடுத்து வா. லென்ஸ் வைத்துக் கலர் மேல் கலர் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். என்னுடைய ஓரம் போன படத்தையும் உனக்குக் காட்டுகிறேன். இன்னமும் கூடத்தில்தான் மாட்டியிருக்கிறேன்.

அன்புடன்,
செந்தில்