பின்னால் டிரம் இருந்தால் என்ன?

அன்புள்ள நண்பா,

கடிதம் கிடைத்தது. மகள் வேலையில் சேர்ந்ததைப் படித்து வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். என் முழங்கால் வலி விட்டுவிட்டது, மறுபடி வண்டி ஓட்டுகிறேன்.

கார் விஷயத்துக்கு வருகிறேன். பிடித்த வண்டியில் பின்னால் டிரம் பிரேக் என்பதால், அங்கே டிஸ்க் பிரேக் உள்ள விலை கூடிய மாடலுக்குப் போகட்டுமா என்று கேட்டிருக்கிறாய். அந்த ஒரு காரணத்துக்காகப் போகாதே. டிரம் என்பது சக்கரத்தோடு சுழலும் மூடிய உருளை, உள்ளிருந்து ஷூ என்ற வளைந்த கட்டைகள் விரிந்து அதை அழுத்தி நிறுத்தும். டிஸ்க் என்பது சக்கரத்தோடு சுழலும் திறந்த தட்டு, அதை இரண்டு பக்கமும் கவ்விப் பிடித்து நிறுத்துவார்கள்.

பிரேக்கை மிதித்ததும் வண்டியின் பாரம் முன்பக்கம் சாய்கிறது. அதனால் நிறுத்தும் வேலையில் 60 முதல் 80 சதவீதம் வரை முன் சக்கரங்களே செய்கின்றன. பாரம் குறைந்த பின் சக்கரத்தை அளவுக்கு மீறிப் பிடித்தால் அது சுழலாமல் பூட்டிக்கொள்ளும், வண்டியின் பின்பக்கம் சுழன்று வந்துவிடும். பின் பிரேக்கின் பலத்தை மட்டுப்படுத்தி வைப்பதே இதற்காகத்தான். திடீரென்று ஒருமுறை அழுத்தி நிறுத்தும்போது, அந்தச் சக்கரத்தைப் பூட்டும் பலம் டிரம்முக்கும் உண்டு, டிஸ்க்குக்கும் உண்டு. வண்டி எங்கே நிற்கும் என்பது டயரின் பிடிப்பைப் பொறுத்தது. மிச்சமாகும் பணத்தில் நல்ல டயர் வாங்கு.

டிரம்முக்கென்று சில நல்ல குணங்கள் உண்டு. சுழலும் டிரம்மே ஒரு ஷூவைத் தன்மேல் இன்னும் இறுக்கிக்கொள்ளும், அதனால் குறைந்த அழுத்தத்திலேயே நிறையப் பிடிப்பு கிடைக்கும். ஹேண்ட்பிரேக்குக்கும் அதே ஷூ போதும். பின் டிஸ்க் உள்ள சில கார்களில் ஹேண்ட்பிரேக்குக்காகவே டிஸ்க்கின் நடுவில் ஒரு சின்ன டிரம்மை ஒளித்துவைத்திருப்பார்கள்!

டிஸ்க் ஜெயிப்பது சூட்டில். நீளமான மலை இறக்கத்தில், ஆளும் சாமானும் நிறைந்த வண்டியில் மறுபடி மறுபடி மிதித்தால் டிரம் சூடேறி விரிந்து ஷூவை விட்டு விலகும். பெடல் கீழே போகும், பிடிப்பு தளரும். டிஸ்க் வெளிக்காற்றில் சுழல்வதால் சீக்கிரம் ஆறும். 1953-ல் லே மான் 24 மணி நேரப் பந்தயத்தை ஜாகுவார் வென்றதில் டிஸ்க் பிரேக்குக்குப் பெரிய பங்கு உண்டு. சுற்றுக்குச் சுற்று, பெருவேகத்திலிருந்து அடக்கவேண்டிய ஓட்டம் அது. தண்ணீரில் இறங்கி ஏறினாலும் டிஸ்க் உடனே உதறிவிடும். டிரம்முக்குள் ஈரம் தங்கும். மெதுவாகப் போய்க்கொண்டே பிரேக்கை லேசாக அழுத்திக் காயவைக்க வேண்டும்.

டிரம்மைப் பழையது என்று தள்ளாதே. மின்சாரக் காரான ஃபோக்ஸ்வாகன் ஐடி.3-ல் பின்னால் டிரம்தான். மோட்டாரே வேகத்தைக் குறைத்துவிடுவதால் பின் பிரேக்குக்கு வேலை குறைவு. வேலையில்லாத டிஸ்க் துருப்பிடிக்கும், மூடிய டிரம் அப்படி எளிதில் துருப்பிடிக்காது.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் செய். மூடியிருப்பதால் டிரம்மை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். சர்வீஸில் கழற்றிப் பார்க்கச் சொல்: ஷூ தேய்ந்திருக்கிறதா, ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டர் கசிகிறதா என்று நீயே பக்கத்தில் நின்று பார். பிரேக் ஆயிலையும் மறக்காமல் மாற்று, அது ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும்.

குடும்பத்தோடு அடிக்கடி மலையேறி இறங்குகிறவன் என்றால் சொல், அப்போது நானே பின் டிஸ்க் வாங்கச் சொல்வேன். நீ பார்த்த மாடலில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ்ஸோடு, வண்டி சறுக்கிச் சுழலாமல் காக்கும் ஈஎஸ்சியும் இருக்கிறதா? அதை விசாரித்து எழுது. பின் டிஸ்க்கைவிட அதற்குப் பணம் கொடுப்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

மகளுக்கு என் ஆசிகள்.

அன்புடன்,
உன் நண்பன்