கேட்டைத் திறந்து வைத்தவர்

அன்புள்ள கயல்,

பள்ளியின் விசாரணைக் குழுவில் உன்னையும் போட்டிருப்பதாக எழுதியிருந்தாய். கூடவே, "வாட்ச்மேன் கேட்டைப் பூட்டியிருந்தால் பையன் காணாமல் போயிருக்க மாட்டான், அவர்தான் காரணம்" என்றும். முன்பாதி சரியாக இருக்கலாம். அதை வைத்துப் பின்பாதியைச் சொல்லிவிட முடியாது.

இந்த 'இருந்தால்' கணக்கில் எல்லோரும் மாட்டுவார்கள். வகுப்பைச் சீக்கிரம் விட்ட டீச்சர், தாமதமாக வந்த அம்மா, ஜுரத்தில் லீவு போட்ட வேன் டிரைவர்கூட. அதனால்தான் சட்டம் அதோடு நிற்பதில்லை. இவருக்கு அந்தக் கடமை இருந்ததா, இப்படி ஆகும் என்று முன்பே யோசித்திருக்க முடியுமா, இடையில் வேறொருவன் வேண்டுமென்றே ஏதாவது செய்தானா என்றும் கேட்கும்.

யாராவது பையனைக் கூட்டிக்கொண்டு போயிருந்தால் நேரடிக் காரணம் அந்த ஆள். கேட் திறந்திருந்தது அவனுக்கு வசதி, அவ்வளவுதான். அவன் குற்றம் அதனால் குறையாது. வாட்ச்மேனின் கவனக்குறைவுக்குத் தனிக் கணக்கு. பையன் தானாகவே நடந்து போயிருந்தாலோ, இடையில் ஆளே இல்லை. திறந்த கேட்டின் எடை கூடிவிடும். எது நடந்தது என்று தெரியாமல் அறிக்கையில் 'காரணம்' என்று எழுதாதே. (கேட்டையும் பார்த்துக்கொண்டு வேன்களையும் ஒழுங்குபடுத்த அந்த ஒருவரையே நிறுத்தியது யார்? அதையும் கேள். நிர்வாகத்துக்குப் பிடிக்காது.)

1981-ல் ஃபுளோரிடாவில் ஒரு கடையில் ஆறு வயது ஆடம் வால்ஷ் காணாமல் போனான். வீடியோ கேம் பக்கத்தில் சண்டை போட்ட பையன்களைக் கடைக் காவலர் வெளியே அனுப்பினார். அவனும் அவர்களோடு போயிருக்க வேண்டும் என்று பின்னால் கருதினார்கள். அவன் கொல்லப்பட்டது தெரியவந்தது. கொன்றவன் இன்னார் என்று சொல்லிப் போலீஸ் வழக்கை மூடியது 2008-ல். அதற்குள் அந்த ஆளே சிறையில் செத்துப்போயிருந்தான். ஆனால் குழந்தையைக் காணோம் என்றால் உடனே அடையாளத்தை அறிவித்து வாசல்களைக் கண்காணிக்கும் 'கோட் ஆடம்' 1994-லேயே கடைகளுக்கு வந்துவிட்டது. துணைக் காரணங்களைத் தேடுவதன் பயன் இதுதான். அதற்குக் குற்றவாளி பிடிபடும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

இப்போதைக்கு அறிக்கையைவிட அவசரமானது ஒன்று உண்டு. வேலை போய்விடும் என்று பயந்த மனிதர், பதினைந்து நிமிடம் கேட்டில் இல்லாததை இரண்டு நிமிடம் என்பார். அதை நம்பினால் எந்த நேரத்து கேமரா பதிவைப் பார்ப்பது, எவ்வளவு தூரம் தேடுவது, எல்லாமே தப்பாகிவிடும். சஸ்பெண்ட் பேச்சை யாரும் எடுக்க வேண்டாம் என்று ஹெச்.எம்.மிடம் சொல். வாட்ச்மேனைத் தனியாக உட்காரவைத்து, எப்போது நகர்ந்தார், எப்போது திரும்பினார் என்று மட்டும் கேள். சொன்னதை உடனே போலீஸிடம் கொடு.

பையனின் அம்மாவிடம் 'ஏன் லேட்' என்று குழுவில் யாரும் கேட்காமல் பார்த்துக்கொள். எத்தனை மணிக்கு வந்தார் என்பது போதும்.

தகவல் ஏதாவது வந்தால் எந்த நேரமானாலும் போன் பண்ணு.

அப்பா